புளிப்பு வளர்த்த ஆடை

செய்தி வந்தபோது மதியம் மூன்று மணி பத்து நிமிடம். அக்கா சமையலறைத் தொட்டியின் குழாய்க்குள் கம்பியை விட்டு அடைப்பைக் குடைந்துகொண்டிருந்தாள். வீட்டின் பின்பக்கத்துப் பட்டறையிலிருந்து அவள் கணவர், செம்பு முலாம் பூசுகிறவர், போனைக் கையில் பிடித்தபடி வந்து கதவருகே நின்றார்.

“என்ன சொன்னாங்க?”

“தேறிடுச்சு.”

“எது?”

“தண்ணிதான். நம்ம கழிவுத் தண்ணில செம்பு, சொன்ன அளவுக்குக் கீழ இருக்காம். பட்டறையப் பூட்ட வேண்டியதில்லன்னு ஆபீசர் அவர் வாயாலயே சொல்லிட்டார்.”

அக்கா கம்பியைக் கீழே வைத்தாள். ஈரக் கையோடு தரையிலேயே உட்கார்ந்தாள்.

“முதல்ல மாப்ளைகிட்டச் சொல்லு,” என்றார் அவர், பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் சிரித்தாள்.

“இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பான் தெரியுமா? ‘தெரியும், தெரியும்’னு சொல்லிட்டு, டீ ஏதும் இருக்கான்னு எட்டிப் பாத்திருப்பான்.”

அந்த மாப்பிள்ளை, அக்காவின் ஒரே தம்பி, இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தெருவில் அவருக்குப் பெயர் புளிப்பு. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடிவந்தால், டீக்கடைக்காரர்கூட நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, “யாரு, நம்ம புளிப்பா?” என்றுதான் கேட்பார். இருபது வயதுக்கு முன்பே வினிகர் தயாரிக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். வேலை முடிந்து வந்தால் அவருக்கு முன்னால் அவர் வாடை வீட்டுக்குள் வரும். சோப்பு தேய்த்தாலும் போகாது. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் காரியம் கூடிவரவில்லை. “பொண்ணுக்குப் பிடிச்சிருந்துச்சு, ஜலதோஷம் சரியானதும் மாறிடுச்சு,” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா வீட்டு மாடியறை அவருக்கென்று ஆனது.

அந்த ஆலையில் அவர் கற்றுக்கொண்டு வந்தது ஒரு நடை. வினிகர் ஊறுகிற பெரிய தொட்டிகளை அசைக்கக் கூடாது. பக்கத்தில் தடதடவென்று நடந்தால்கூட மேற்பார்வையாளர் சத்தம் போடுவார். அதனால் புளிப்பு பூனையைப் போல நடப்பார். அடுப்படியில் திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போடும்.

“டேய், உன் கழுத்துல ஒரு மணியைக் கட்டிவிடணும்டா.”

“கட்டு. நான் வர்றது தெரிஞ்சு காபிய ஒளிச்சு வைக்கத்தானே?”

ஆலை ஒருநாள் மூடப்பட்டது. முதலாளியின் பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை. புளிப்பு சில மாதம் சும்மா இருந்தார். பிறகு அக்கா கணவரிடம் சொன்னாள்: பட்டறையில் ஒரு கை குறைகிறது, வீட்டில் ஒரு கை மிச்சமிருக்கிறது. அப்படித்தான் அவர் முலாம் பட்டறைக்குள் வந்தார்.

சின்னப் பட்டறை. கதவுக் கைப்பிடிகள், மேசை அறைக் குமிழ்கள், திரைச்சீலைக் கம்பிகளின் முனைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். பாலிஷ் மோட்டாரில் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைக் காரத்தில் போக்கி, நீலக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். எடுத்ததும் தண்ணீர்த் தொட்டியில் அலசுவார்கள். அந்த அலசல் தண்ணீர்தான் வினை. நாள் முழுக்க அலசினால் லேசான நீலம் ஏறிவிடும். அது சாக்கடையில் இறங்கி, தெருக்கோடியில் இருக்கும் வாய்க்காலுக்குப் போகும். வாய்க்காலில் மீனைப் பார்த்ததாகச் சொல்கிற கடைசி ஆட்களுக்கும் தலை நரைத்துவிட்டது.

நீர்ச் சோதனை அலுவலகம் முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. திடீரென்று திறந்துகொண்டது. அலசல் தண்ணீரில் செம்பு இந்த அளவுக்கு மேல் இருந்தால் பட்டறைக்குப் பூட்டு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். முலாம்காரர் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தார். செம்பு அடியில் சேறாக இறங்கியது. அந்தச் சேற்றை வாங்கிக்கொள்ள ஆளில்லை. மூட்டைகள் சுவரோரம் ஏறிக்கொண்டே போக, அளவு மட்டும் இறங்குவேனா என்றது. பெரிய ஆலைகளில் வைக்கும் இயந்திரத்தைப் பற்றி இந்தத் தெருவில் பேசிப் பயனில்லை. எதிர் வரிசையில் இரண்டு பட்டறைகள் கதவைச் சாத்தின. ஒருவர் வெளியூர்த் தொழிற்சாலைக்குக் கூலிக்குப் போனார். அடுத்தது நாம்தான் என்று முலாம்காரர் சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற அம்மா ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதிருக்கும். எந்தப் பட்டறையாவது தன் சோதனைக்கு இடம் கொடுக்குமா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், இங்கே சாப்பாட்டு டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே தண்ணீரில் வெள்ளையாக, கண்ணாடிபோல, வழவழவென்று ஒரு துண்டு.

“இது பாக்டீரியா பின்னின துணின்னு வச்சுக்குங்க. சர்க்கரைத் தண்ணியில விட்டா, மேல ஆடை மாதிரி படியும். நூல் அவ்வளவு மெல்லிசு. செம்பு கலந்த தண்ணியை இது வழியா விட்டா, செம்பைப் பிடிச்சு வச்சுக்கும்.”

முலாம்காரர் நம்பாத முகத்தோடு பார்த்தார். புளிப்பு கிட்டே வந்து ஒரு விரலால் அதைத் தொட்டார்.

“இவரு எனக்குத் தெரிஞ்சவருங்க.”

“இதையா? எங்க பாத்தீங்க?”

“வினிகர் தொட்டியில. இவரத் தூக்கித் தூக்கிக் குப்பையில போட்டதுதாங்க எனக்கு உத்தியோகம்.”

அந்த அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “அப்படின்னா நீங்கதான் எனக்கு வேணும். எனக்கு இதை உள்ளங்கை அகலத்துக்குத்தான் வளர்க்க வருது.”

“எனக்கு இவரு எதுக்கு ஆவாருன்னே தெரியாதே. நீங்க அதச் சொல்லுங்க, நான் இதச் சொல்றேன்.”

அன்றிலிருந்து இருவரும் கூட்டு. ஆடையை வளர்ப்பது புளிப்பின் வேலை. வளர்ந்த ஆடையைக் காரத்தில் கொதிக்கவைத்துப் பாக்டீரியாவைக் கொன்று, அலசி, செம்பு நன்றாக ஒட்டுவதற்கான கரைசலில் ஊறவைப்பது அந்த அம்மா சொல்லிக்கொடுத்தது. அப்படிப்பட்ட ஆடைகளை ஒரு பீப்பாய்க்குள் அடுக்கி, அமிலத்தன்மையைச் சரிசெய்த அலசல் தண்ணீரை மேலிருந்து விட வேண்டும். ஆடை நீலமாகும். பிறகு லேசான அமிலத்தில் கழுவினால் செம்பு கழன்றுவிடும், அதைத் திரும்ப முலாம் தொட்டிக்கே ஊற்றலாம். ஆடையையும் மறுபடி பயன்படுத்தலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாலிஷ் மோட்டார் இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சின்ன அறையில் அடுக்குப் பலகை போட்டு, தட்டுகள் வைத்து, சர்க்கரை கலந்த தேயிலைச் சாறு ஊற்றி, துணியால் மூடினார்கள்.

ஆடை வந்தது. ஆனால் ஏடு ஏடாக வந்தது. நகத்தால் கிள்ளினால் பிரிந்தது. பீப்பாயில் அடுக்கினால் தண்ணீர் ஏடுகளுக்கு நடுவே சந்து கண்டுபிடித்து, ஆடையைத் தொடாமலே நழுவிக் கீழே போனது. செம்பு குறைந்தது, போதுமான அளவு குறையவில்லை. சர்க்கரையைக் கூட்டினார்கள். தேயிலைச் சாற்றை மாற்றினார்கள். மூடும் துணியை மாற்றினார்கள். அலுவலகம் ஒருமுறை தவணை கொடுத்தது, இன்னொரு முறையும் கொடுத்தது, இதுதான் கடைசி என்றது.

ஒரு மாலை புளிப்பு அந்த அறையில் தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடும்போது தட்டின் தண்ணீரில் மெல்லிய வளையங்கள் ஓடின. நேராக முலாம்காரரிடம் போனார்.

“மாமா, மோட்டார்தான். அதிர்வுல படிஞ்ச ஆடை லேசா முங்கிடுது. மேல புதுசா இன்னொண்ணு படியுது. அதான் ஏடு ஏடா வருது. ஒரு பத்துப் பதினஞ்சு நாள் நிறுத்திப் பாப்போம்.”

“நிறுத்திட்டு? கைப்பிடியெல்லாம் நாக்கால நக்கியா பளபளப்பாக்குறது?”

“நான் நக்குறேன், நீங்க முலாம் போடுங்க.”

“போடா டேய். பத்து நாள் மோட்டார் நின்னா, ஆபீசர் வந்து பூட்ட வேண்டாம். நானே பூட்டிடலாம்.”

அதோடு பேச்சு முடிந்தது. புளிப்பு கோபித்துக்கொள்ளவில்லை. இருந்த ஆடைகளில் ஏடு பிரியாததாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். கொதிக்கவைத்து, அலசி, கரைசலில் ஊறவைத்து, கடைசிச் சோதனைக்காகக் கொல்லைப்புறத்தில் ஒரு மூடிபோட்ட வாளியில் தயாராக வைத்தார். காலியான தட்டுகளில் அன்று சாயங்காலமே புதிதாகச் சர்க்கரைச் சாறு ஊற்றி மூடினார். மறுநாள் காலை சர்க்கரை மூட்டைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் ஜன்னலோரம் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நடத்துனர் தோளைத் தட்டியிருக்கிறார். இதயம் நின்றிருந்தது. வலி தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் சமாதானத்துக்குச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் அது ஒரு பெரிய உபகாரம்.

வீடு ஆட்களால் நிறைந்தது. பட்டறை மூடிக்கிடந்தது. வந்தவர்களில் சித்தி ஒருத்தி. அம்மாவின் தங்கை. வந்து அழுது முடித்த கையோடு முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிடுகிற ரகம். ஈரமாக எதைக் கண்டாலும் அவளுக்குப் பொறுக்காது, கொடியில் போட்டாக வேண்டும். சாவு வீட்டில் அப்படி ஒரு ஆள் இருப்பது நல்லதுதான். மூன்றாம் நாள் மாலை அக்கா கொல்லைப்பக்கம் போனபோது, கொடியில் துண்டுகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே, கிளிப் போட்டு வரிசையாக, காகிதம் போலச் சில தாள்கள் காற்றில் சடசடத்தன.

“சித்தி, இதெல்லாம் என்ன?”

“அந்த வாளியில ஊறிக் கிடந்துச்சுடி. யாரும் கவனிக்கல போல. நல்லா அலசிக் காயப்போட்டேன். மேசை விரிப்பா? பிழியத்தான் வரல, வழுக்கிட்டே போச்சு.”

அக்கா போன் பண்ணியதும் கல்லூரி அம்மா ஓடிவந்தார். தாள்களைத் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க விட்டார்கள். காலையில் நனைந்த தாள்களாக இருந்தன, அவ்வளவுதான். ஆடையாகவில்லை.

“ஒருதடவை காஞ்சா உள்ள இருக்கிற சந்தெல்லாம் ஒட்டிப்போயிடும். திரும்ப ஊதாது,” என்றார் அவர்.

“வேற வழியே இல்லையா?”

“புதுசா வளர்க்கணும். அதுக்கு நாள் பத்தாது. ஆபீசர் அடுத்த வாரம் வர்றாரு.”

சித்தி தலையில் கை வைத்துக்கொண்டு வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “அவன் கடைசியா பண்ணின வேலையில மண்ணள்ளிப் போட்டுட்டேனே.” அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. “எழுந்திரிங்க சித்தி. நீங்க வேற அழுது அந்த வாளிய ரொப்பாதீங்க,” என்றாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் முலாம்காரர், தொலைவில் இருக்கும் தொழிற்சாலையில் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். தங்க இடம் தருவார்களாம். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாமாம். “போதும்மா. முடிஞ்ச வரைக்கும் பாத்தாச்சு.”

அக்கா சாவியை எடுத்துக்கொண்டு தட்டு அறைக்குப் போனாள். தம்பி போனதிலிருந்து அங்கே யாரும் காலடி வைக்கவில்லை. இருக்கிற சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிடலாம், நாற்றமாவது மிச்சமாகாமல் இருக்கும் என்பதுதான் அவள் எண்ணம். முதல் தட்டின் துணியை எடுத்தாள்.

தட்டு முழுக்க ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வெள்ளை. விரல் தடிமனில், ஒரு சுருக்கம் இல்லாமல். அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். குளிப்பாட்டிய குழந்தையைப்போல வழுக்கியது, அதே கனம். ஓரத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். பிரியவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள். ஏடே இல்லை. அடுத்த தட்டைத் திறந்தாள். அதற்கடுத்ததை. எல்லாம் ஒரே மாதிரி.

“இங்க வாங்களேன்,” என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

முலாம்காரர் வந்து பார்த்தார். தட்டைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“மோட்டார் ஓடல,” என்றார் கடைசியில். “அவன் போனதுலருந்து மோட்டார் ஓடவே இல்ல.”

துக்கத்துக்கு மூடிய பட்டறை, தம்பி கேட்ட அந்தப் பத்துப் பதினைந்து நாளைக் கொடுத்திருந்தது. வீட்டில் அத்தனை பேர் வந்து போனார்கள், அழுதார்கள், பேசினார்கள். அந்த ஒரு அறையில் மட்டும் காற்றுகூடக் கனைக்காமல் இருந்திருக்கிறது. அக்கா வாசலில் உட்கார்ந்து, அவன் போன பிறகு முதல் முறையாக, நெஞ்சு லேசாகும்வரை அழுதாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். கல்லூரி அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். காரத்தில் கொதிக்கவைத்தார்கள், நிறம் தெளியும்வரை அலசினார்கள், கரைசலில் ஊறவைத்தார்கள். வாளிக்குக் காவல் சித்தி. ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் விளக்குமாற்றோடு.

“எதுக்கு சித்தி விளக்குமாறு?”

“யாராச்சும் எடுத்துக் காயப்போட வந்தா?”

“உங்களத் தவிர இந்த ஊர்ல யாரும் வர மாட்டாங்க.”

“அதுக்குத்தான் என்னையே உக்கார வச்சிருக்கேன்.”

அலுவலர் வந்த அன்று, நீல அலசல் தண்ணீரைப் பீப்பாயின் மேல்வாயில் மெதுவாக விட்டார்கள். மேலே இருந்த ஆடை ஓரத்திலிருந்து நீலமாகத் தொடங்கியது. கீழே குழாயில் வந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார் கல்லூரி அம்மா. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததுதான் கணக்கு என்று அலுவலர் சொல்லிவிட்டு, பாட்டிலில் பிடித்து, அதன் வாயில் முத்திரை வைத்து எடுத்துப் போனார். நல்ல மனிதர்தான். போகும்போது, “யார் வளர்த்தது இது?” என்று கேட்டார்.

“என் தம்பி,” என்றாள் அக்கா.

“பாக்கணுமே அவர.”

முலாம்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டாள். “முதல்ல நீங்க தண்ணியப் பாருங்க சார்.”

அந்தத் தண்ணீர்தான் இன்று தேறியது.

செய்தி வந்த மாலை முலாம்காரர் வெளியூர்த் தொழிற்சாலைக்காரருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னார். பேசி முடித்துவிட்டு மோட்டாருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கைப்பிடி மூட்டைகள் காத்துக்கிடந்தன. சுவிட்சில் கையை வைத்தவர், எடுத்துவிட்டார்.

“இதைக் கழட்டித் தெருப்பக்கத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோயிடறேன். அதுவரைக்கும் பாலிஷ் வேலைய பக்கத்துப் பட்டறையில குடுத்துக்கலாம்,” என்றார்.

“தெருப்பக்கம் சத்தம்னு டீக்கடைக்காரரு சண்டைக்கு வருவாரே.”

“வரட்டும். புளிப்பு சொன்னான்னு சொல்லு. அவனுக்குத்தான் எல்லாத்தையும் விட்டுக்குடுப்பாரு.”

சித்தி கேட்காமலே அடுப்பில் பால் வைத்தாள். கல்லூரி அம்மா போனில், “அடுத்தது எப்பம்மா ஊத்துறீங்க?” என்று கேட்டார். அக்கா, “நாளைக்குக் காலையிலயே,” என்றாள். சொல்லும்போதே நாளை என்று ஒன்று இருப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று பட்டது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தட்டு அறையைக் கூட்டப் போனாள்.

அடுக்குப் பலகையின் அடியில் கூட்டக் குனிந்தபோதுதான் பார்த்தாள். பலகையின் கால்களுக்குக் கீழே, தரையின் அதிர்வு ஏறாதபடி, பழைய சைக்கிள் டியூபை மடித்து, மெத்தை போல வைத்து, கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. தம்பியின் கட்டு, முனை வெளியே நீட்டாமல் உள்ளே மடக்கியது. மூன்று கால்களுக்குக் கட்டியாகியிருந்தது. நாலாவது கால் வெறும் சிமெண்ட் தரையில் நின்றது.